காற்றலை வணிகம் – 17: ஸ்விண்டனில் முளைத்த குழுமம்

லண்டனிலிருந்து பிரிஸ்டலுக்குப் போகும் ரயில் பாதையில் ஸ்விண்டன் என்றொரு ஊர் இருக்கிறது. ரயில் இன்ஜின் செய்தே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த ஊர். அதற்குப் பக்கத்தில் வூட்டன் பாஸெட் என்ற சிற்றூர். 1982 அக்டோபர் 12 அன்று அந்தச் சிற்றூரின் லைம் கில்ன் ஸ்டூடியோவிலிருந்து வில்ட்ஷயர் ரேடியோ ஒலிபரப்பைத் தொடங்கியது. ஸ்விண்டனையும் மேற்கு வில்ட்ஷயரையும் தாண்டி அதற்கு வேறு எல்லை கிடையாது. அந்த வட்டாரத்தின் பள்ளி, சந்தை, கால்பந்து, வேலையிழப்பு ஆகியவைதான் அதன் செய்திகள்.

அந்தச் சிறிய நிலையத்தின் வழிவந்த நிறுவனம் 2005இல் பிரிட்டனின் ஆகப் பெரிய வணிக வானொலிக் குழுமமாக நின்றது. அடுத்த மூன்றே ஆண்டுகளில் கைமாறியது. இன்று அந்த நிறுவனத்தின் பெயரில் ஒரு நிலையம்கூட இல்லை. வானொலி வணிகம் ஊரை நம்பி வளர்ந்ததையும், வளர்ந்த பிறகு ஊரை விட்டு விலகியதையும் இந்த ஒரு குழுமத்தின் வரலாற்றிலேயே முழுதாகப் பார்த்துவிடலாம்.

ஊருக்கு ஒரு நிலையம்

1964 ஈஸ்டர் நாட்களில் கடலில் நின்ற கப்பலிலிருந்து ரேடியோ கரோலின் பாடத் தொடங்கியதையும், 1967 ஆகஸ்டில் அமலுக்கு வந்த சட்டம் கப்பல் வானொலிகளின் வாயை அடைத்ததையும் போன அத்தியாயத்தில் பார்த்தோம். அவை விட்டுச் சென்ற இளம் நேயர்களைப் பிடிக்க பிபிசி அதே செப்டம்பரில் ரேடியோ 1 அலைவரிசையைத் தொடங்கியது. ஆனால் கரையில் சட்டப்படி விளம்பரத்தோடு ஒலிக்கும் வானொலி அதுவரை பிரிட்டனில் கிடையாது.

1970இல் ஆட்சிக்கு வந்த எட்வர்ட் ஹீத்தின் கன்சர்வேடிவ் அரசு அதைக் கொண்டுவர முனைந்தது. துறை அமைச்சர் கிறிஸ்டோபர் சாடவே ஒரு காலத்தில் புகழ்பெற்ற ஓட்டப்பந்தய வீரர். வணிகத் தொலைக்காட்சியின் முதல் செய்தி வாசிப்பாளர்களில் ஒருவர். 1971 மார்ச்சில் வெள்ளை அறிக்கை வந்தது, 1972இல் ஒலி ஒலிபரப்புச் சட்டம் நிறைவேறியது. தொலைக்காட்சியை மேற்பார்த்த வாரியம் வானொலியையும் சேர்த்துக்கொண்டு சுயேச்சை ஒலிபரப்பு வாரியம் என்று பெயர் மாறியது.

இந்த வாரியம் வகுத்த ஏற்பாடு இன்றைய கண்ணுக்கு வியப்பாகத் தெரியும். ஒலிபரப்புக் கோபுரங்களை வாரியமே கட்டும், வாரியமே சொந்தமாக வைத்திருக்கும். நிலையங்கள் அவற்றுக்கு வாடகை கொடுக்க வேண்டும். உரிமம் பெறும் நிறுவனம் அந்த ஊரில் வேரூன்றியதாக இருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் 9 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. இசைத்தட்டு உரிமையாளர்களின் ஒப்பந்தப்படி ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் இசைத்தட்டு ஓடக் கூடாது. வருவாயில் 3 சதவீதத்தை நேரடியாக வாசிக்கும் இசைக் கலைஞர்களுக்குச் செலவிட வேண்டும். செய்தி, விவாதம், நாடகம், சிறுவர் நிகழ்ச்சி, மதம் என எல்லாத் தரப்புக்கும் இடம் தர வேண்டும். எந்த நேரத்தில் என்ன ஒலிக்கும் என்ற கால அட்டவணைக்கும் வாரியத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது.

அலைவரிசை பொதுச் சொத்து. அதை வைத்துச் சம்பாதிக்க ஒருவருக்கு அனுமதி தந்தால், பதிலுக்கு அவர் அந்த ஊருக்கு உழைக்க வேண்டும். இத்தனை விதிகளுக்கும் அடியில் இருந்த எண்ணம் இதுதான்.

முதல் நிலையம் 1973 அக்டோபர் 8 அன்று லண்டனில் செய்திக்காகவே தொடங்கிய எல்பிசி. எட்டு நாள் கழித்து, நடிகரும் இயக்குநருமான ரிச்சர்ட் அட்டன்பரோவைத் தலைவராகக் கொண்ட கேபிடல் ரேடியோ வந்தது. அந்த ஆண்டின் கடைசி நாளில் கிளாஸ்கோவில் ரேடியோ கிளைடு. பிறகு பர்மிங்ஹாம், மான்செஸ்டர், நாட்டிங்ஹாம், பிளிமத், ரெடிங். தொடங்கிய நேரம் மோசமான நேரம். எண்ணெய் விலை ஏறிக் கிடந்தது. 1974இன் தொடக்கத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்த ஆலைகள் வாரத்தில் மூன்று நாள்தான் இயங்கின. விளம்பரம் தர ஆளில்லை. அப்படியும் நிலையங்கள் நேயர்களைப் பெற்றன, காரணம் அவை ஊரோடு கலந்திருந்ததுதான். வீட்டைப் பகிர்ந்துகொள்ள ஆள் தேடுவோரின் பட்டியலைக் கேபிடல் வெளியிட்டது. லண்டன் குழந்தைகளுக்காக 1975இல் நிதி திரட்டத் தொடங்கியது. பனி கொட்டும் காலையில் எந்தப் பள்ளிக்கு விடுமுறை என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு ஊரும் தன் நிலையத்தைத்தான் திருப்பியது.

1976க்குள் 19 நிலையங்கள் ஆயின. அதோடு நின்றது. ஆட்சிக்குத் திரும்பியிருந்த லேபர் கட்சி புதிய உரிமங்களை நிறுத்திவைத்து, ஒலிபரப்பின் எதிர்காலத்தை ஆராய ஆனன் குழுவை நியமித்தது. அடுத்த நிலையம் கார்டிஃபில் தொடங்க 1980 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நலிவில் நடந்த இணைப்பு

இரண்டாவது அலையில் வந்த நிலையங்கள் பெரும்பாலும் நடுத்தர, சிறு நகரங்களுக்கானவை. அவை பிறந்ததும் மந்தநிலைக் காலத்தில்தான். 1982 தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. கடைக்காரர்கள் முதலில் வெட்டும் செலவு விளம்பரம். ஆனால் கோபுர வாடகையும் செய்தியாளர் சம்பளமும் குறையவில்லை.

1983 அக்டோபர் 6 அன்று லெஸ்டர் நகரின் சென்டர் ரேடியோ மூடப்பட்டது. பிரிட்டனில் பணமில்லாமல் ஒலிபரப்பை நிறுத்திய முதல் வணிக நிலையம் அதுதான். தொடங்கி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. வேல்ஸில் கார்டிஃப் நிலையமும் பக்கத்து நியூபோர்ட்டின் நிலையமும் தனித்தனியாக நிற்க முடியாமல் ஒன்றாயின. பிரிஸ்டலில் 1981 அக்டோபர் 27 அன்று பெரும் எதிர்பார்ப்போடு தொடங்கிய ரேடியோ வெஸ்டும் தள்ளாடியது. பெரிய நகரம், செல்வமுள்ள நகரம். இருந்தும் செலவு வருவாயை மீறிப் போனது.

இந்த நேரத்தில்தான் வில்ட்ஷயர் ரேடியோ முன்வந்தது. அதை நடத்தியவர் ரால்ஃப் பெர்னார்ட். செய்தியாளராகத் தொழிலுக்கு வந்தவர்; ஷெஃபீல்டின் ரேடியோ ஹாலமில் குடிப்பழக்கத்தைப் பற்றி ஆவண நிகழ்ச்சித் தொடர் தயாரித்துப் பெயர் வாங்கியவர். அவருடைய நிலையம் சிறியது, ஆனால் கணக்கில் கவனமானது. 1985 அக்டோபரில் வில்ட்ஷயர் ரேடியோவும் ரேடியோ வெஸ்டும் இணைந்து ஜிடபிள்யூஆர் ஆயின. அந்த மூன்றெழுத்து அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. லண்டனையும் பிரிஸ்டலையும் இணைக்கப் பொறியாளர் புரூனெல் அமைத்த கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் எழுத்துகள் அவை. ஸ்விண்டனின் ரயில் ஆலை அடுத்த ஆண்டு மார்ச்சில் நிரந்தரமாக மூடப்பட்டது.

நட்டத்தில் இருந்த ஒன்றைக் காப்பாற்றத்தான் இந்த இணைப்பு. வாரியமும் அதனால்தான் சம்மதித்தது. ஆனால் அதில் ஒரு கணக்கு வெளிப்பட்டது. இரண்டு நிலையங்களுக்கு ஒரே கணக்காளர் போதும், ஒரே தலைமைப் பொறியாளர் போதும், விளம்பரம் பிடிக்க ஒரே அணி போதும். அதைவிட முக்கியமானது லண்டன் விளம்பர நிறுவனங்களின் கவனம். சோப்பு, கார், வங்கி விளம்பரங்களை நாடு முழுக்கப் பரப்பும் அவை, ஒரு சிற்றூர் நிலையத்தோடு தனியாகப் பேச நேரம் ஒதுக்குவதில்லை. பத்து ஊர்களின் நேயர்களை ஒரே விலைப்பட்டியலில் தந்தால் பேச்சுக்கு வரும். குழுமங்கள் பெருகியதற்கு இந்தக் கணக்கைவிடப் பெரிய காரணம் ஏதுமில்லை.

ஹீத்ரோவில் எழுந்த குரல்

இணைப்புக்கு முந்தைய ஆண்டே தொழில் முழுவதும் கொதித்துக்கொண்டிருந்தது. 1984 ஜூன் 23 அன்று உள்ளூர் வணிக நிலையங்களின் நிர்வாகிகள் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே ஒரு ஓட்டலில் கூடினார்கள். வாடகையைக் குறையுங்கள், விதிகளைத் தளர்த்துங்கள், எங்கள் கைக்கட்டை அவிழுங்கள் என்பதே கூட்டத்தின் சாரம். பிரிட்டிஷ் வானொலி வரலாற்றில் அது ஹீத்ரோ மாநாடு என்றே அறியப்படுகிறது.

அவர்கள் குறையில் நியாயம் இருந்தது. வாரியம் மிக உயர்ந்த தரத்தில் கோபுரங்களைக் கட்டியது. அந்தத் தரத்துக்கான செலவைச் சிறு நிலையங்கள் சுமந்தன. மார்கரெட் தாட்சரின் அரசும் சந்தைக்குச் சாதகமாக இருந்தது. வாடகை குறைந்தது, கட்டுப்பாடு ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. மத்திய அலையிலும் பண்பலையிலும் ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்புவது வீண், பயன்படுத்து அல்லது இழந்துவிடு என்று அரசு சொன்னதும், 1988இல் நிலையங்கள் இரண்டாகப் பிரிந்தன. பண்பலையில் புதுப் பாட்டு, மத்திய அலையில் பழைய பாட்டு. லண்டனில் கேபிடல் கோல்டு வந்தது. ஜிடபிள்யூஆர் தன் மத்திய அலை நிலையத்துக்குப் புரூனெலின் பெயரையே வைத்தது.

1990 ஒலிபரப்புச் சட்டம் பழைய ஏற்பாட்டை முற்றிலும் மாற்றியது. 1991 ஜனவரி 1 முதல் வானொலிக்கென்று தனி ஆணையம் பொறுப்பேற்றது. அது நிகழ்ச்சிகளை மேற்பார்க்கும் அமைப்பாக இல்லாமல் உரிமம் வழங்கும் அமைப்பாக நடந்தது. கோபுரங்கள் தனியார் நிறுவனத்திடம் போயின. ஒருவர் எத்தனை நிலையம் வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு இருந்தது. 1996இல் இன்னொரு சட்டம் அந்த வரம்பையும் உயர்த்தியது. ஒவ்வொரு தளர்வுக்குப் பின்னும் ஒரு கொள்முதல் அலை எழுந்தது.

ஒரே இசைக் கலவை

ஜிடபிள்யூஆர் அந்த அலையில் முன்வரிசையில் இருந்தது. ரெடிங்கின் ரேடியோ 210, போர்ன்மத்தின் 2சிஆர், நாட்டிங்ஹாமின் டிரென்ட், லெஸ்டர் சவுண்ட், சில்டர்ன், பீட்டர்பரோவின் ஹெரவர்ட், நாரிச்சின் பிராட்லாண்ட் என்று தெற்கிலும் நடுநாட்டிலும் கிழக்கிலும் அதன் கை நீண்டது. 1970களிலும் 80களிலும் உள்ளூர் வணிகர்களும் வழக்கறிஞர்களும் செய்தித்தாள் உரிமையாளர்களும் ஊர்ப் பெருமைக்காகப் பங்கு போட்டுத் தொடங்கிய நிலையங்கள் இவை. பங்குச் சந்தை நல்ல விலை காட்டியதும் அவர்களில் பலர் விற்றுவிட்டார்கள். அதில் தவறு சொல்ல முடியாது. பல ஆண்டுகள் ஈவுத்தொகையே பார்க்காதவர்களும் அவர்களில் உண்டு.

வாங்கிய நிலையங்களில் ஜிடபிள்யூஆர் செய்த முதல் வேலை இசையைச் சீராக்குவது. என்ன பாட்டு போடுவது என்பதை அதுவரை அறிவிப்பாளர் தன் ரசனையால் தீர்மானித்தார். இனிமேல் ஆய்வு தீர்மானிக்கும் என்றானது. நேயர்களைத் தொலைபேசியில் அழைத்தோ அரங்கில் கூட்டியோ, பாட்டின் அடையாளமான சில விநாடிகளை மட்டும் ஒலிக்கவிட்டு மதிப்பெண் கேட்பார்கள். அதிக மதிப்பெண் பெற்ற சில நூறு பாடல்கள் சுழற்சியில் நிற்கும், மற்றவை போய்விடும். பாட்டுக்கு நடுவே அறிவிப்பாளர் சொல்ல வேண்டிய வாசகமும் அட்டையில் எழுதி வரும். நல்ல இசைக் கலவை தங்களிடம்தான் என்று பொருள்படும் ஒரே முழக்கம் எல்லா ஊரிலும் ஒலித்தது. இரவு நிகழ்ச்சிகள் ஒரே இடத்திலிருந்து எல்லா நிலையங்களுக்கும் போயின.

பழைய வானொலிக்காரர்கள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். பிரிஸ்டலின் பேச்சும் நாரிச்சின் பேச்சும் ஒன்றல்ல, இரண்டு ஊருக்கும் ஒரே அச்சு ஏன் என்று கேட்டார்கள். குழுமம் காட்டிய பதில் கணக்கேடு. ஆய்வில் தேறிய பாட்டுகளைப் போட்டபோது பல நிலையங்களில் நேயர் எண்ணிக்கையும் வருவாயும் கூடின. காலை நிகழ்ச்சி, உள்ளூர்ச் செய்தி, போக்குவரத்துத் தகவல் ஆகியவை அப்போதும் அந்தந்த ஊரிலிருந்துதான் வந்தன. அதனால் நேயருக்குப் பெரிய இழப்பு ஏதும் உடனே தெரியவில்லை. ஆனால் ஊர் நிலையத்தின் தீர்மானங்கள் ஊருக்கு வெளியே எடுக்கப்படும் வழக்கம் அங்கேதான் தொடங்கியது.

பறவைகள் பாடிய அலைவரிசை

இந்தக் குழுமம் ஆய்வையும் அச்சையும் மட்டும் நம்பியதல்ல என்பதற்குச் சான்று கிளாசிக் எஃப்எம்.

1990 சட்டம் நாடு முழுமைக்குமான வணிக வானொலி உரிமங்களுக்கு வழி செய்தது. பண்பலை உரிமம் பாப் இசை அல்லாத நிலையத்துக்கே தரப்படும் என்று நிபந்தனை. அதிகத் தொகை சொல்பவருக்கே உரிமம். திரைப்பட, மேடைப் பாடல்களை ஒலிபரப்பத் திட்டமிட்ட ஷோடைம் என்ற அணி 17.5 லட்சம் பவுண்டு சொல்லி ஏலத்தில் வென்றது. ஆனால் குறித்த காலத்துக்குள் மூலதனம் திரட்ட முடியவில்லை. உரிமம் கடைசியில் 6.7 லட்சம் பவுண்டு சொல்லியிருந்த கிளாசிக் எஃப்எம்முக்கு வந்தது. மேற்கத்திய செவ்வியல் இசையை விளம்பரத்தோடு ஒலிபரப்பும் அந்த யோசனையின் பின்னால் நின்ற முக்கியப் பங்குதாரர்களில் ஒன்று ஜிடபிள்யூஆர்.

பலர் இது தேறாது என்றார்கள். செவ்வியல் இசைக்குப் பிபிசியின் ரேடியோ 3 இருக்கிறது. அதைக் கேட்பவர்களே குறைவு. நடுவில் கார் விளம்பரம் வந்தால் அவர்களும் ஓடிவிடுவார்கள் என்பது வாதம்.

கோபுரங்களைச் சோதிக்க 1992 கோடையில் ஏதாவது ஒன்றை ஒலிபரப்ப வேண்டியிருந்தது. இசையைப் போட்டால் நிலையம் தொடங்கிவிட்டது என்று மக்கள் நினைப்பார்கள். குழுமத்தின் தலைமைப் பொறியாளர் குவென்டின் ஹோவர்ட் வில்ட்ஷயரில் தன் வீட்டுத் தோட்டத்தில் பதிவு செய்துவைத்திருந்த பறவை ஒலி கைவசம் இருந்தது. அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். நாடெங்கும் மக்கள் தற்செயலாக அந்த அலைவரிசையைத் திருப்பினார்கள், கேட்டார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள். நிலையம் தொடங்குமுன்பே அதற்கு நேயர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

1992 செப்டம்பர் 7 அன்று ஹான்டலின் முடிசூட்டு இசையோடு கிளாசிக் எஃப்எம் தொடங்கியது. பிரிட்டனின் முதல் தேசிய வணிக வானொலி அதுதான். சில மாதங்களில் வாரந்தோறும் கேட்போர் 40 லட்சத்தைத் தாண்டினார்கள். முழு ஸிம்பனியைக் கேட்கப் பொறுமையில்லாதவர்களுக்கு ஒரு பகுதியை மட்டும் தந்தார்கள். இசை தெரியாதவரைத் தாழ்வாக நினைக்கவைக்காமல் எளிமையாகப் பேசினார்கள். 1996இல் ஜிடபிள்யூஆர் அந்த நிலையத்தை முழுமையாக வாங்கிக்கொண்டது. வூட்டன் பாஸெட்டில் தொடங்கிய நிறுவனம் இப்போது தேசிய நிறுவனம்.

அடுத்த துணிச்சல் டிஜிட்டல் வானொலி. 1999 நவம்பர் 15 அன்று ஜிடபிள்யூஆர் பெரும்பங்கு வகித்த டிஜிட்டல் ஒன் நாடு தழுவிய டிஜிட்டல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் தலைமைப் பொறுப்பு பறவைகளைப் பாடவிட்ட அதே ஹோவர்டுக்கு. அரசும் ஒரு சலுகை வைத்திருந்தது: டிஜிட்டலில் முதலிடுவோரின் பழைய உரிமங்கள் ஏலமின்றிப் புதுப்பிக்கப்படும். கிளாசிக் எஃப்எம்மைக் கையில் வைத்துக்கொள்ள அது நல்ல வழி. ஆனால் டிஜிட்டல் பெட்டிகள் அன்று விலை அதிகம், வாங்கியவர்கள் குறைவு. பல ஆண்டுகள் பணம் ஒரே திசையில் ஓடியது.

லண்டனோடு சம்பந்தம்

2003 தகவல்தொடர்புச் சட்டம் உரிமையாளர் வரம்பை இன்னும் அகலப்படுத்தியது; ஆஃப்காம் என்ற புதிய கட்டுப்பாட்டு அமைப்பு அந்த ஆண்டின் இறுதியில் பொறுப்பேற்றது. 2004 செப்டம்பரில் ஜிடபிள்யூஆரும் கேபிடலும் இணைவதாக அறிவித்தன. 1973இல் தொடங்கிய லண்டன் நிலையம் அதற்குள் பர்மிங்ஹாம், கார்டிஃப், தென்கரை நகரங்கள் என்று தானும் ஒரு குழுமமாகியிருந்தது. இணைந்த நிறுவனத்தின் மதிப்பு 71.1 கோடி பவுண்டு என்று சொல்லப்பட்டது. 2005 மே மாதம் ஜிகேப் மீடியா பிறந்தது. உள்ளூர் நிலையங்கள் மட்டுமே 50க்கு மேல்.

திருமணம் முதல் நாளிலிருந்தே சரியாக அமையவில்லை. கேபிடலிலிருந்து வந்த தலைமை நிர்வாகி டேவிட் மான்ஸ்ஃபீல்டு சில மாதங்களில் விலகினார். ரால்ஃப் பெர்னார்ட் நிர்வாகத்தை ஏற்றார். கேபிடலின் காலை நிகழ்ச்சியை 1987 முதல் நடத்தி லண்டனைக் கட்டிப்போட்ட கிறிஸ் டாரண்ட் 2004இல் விடைபெற்றிருந்தார். லண்டனில் கேபிடலுக்கு இருந்த முதலிடத்தைப் போட்டி நிலையங்கள் பறித்தன. விளம்பரப் பணம் இணையத்துக்கு நகர ஆரம்பித்திருந்தது. நேயரை மீட்கக் கேபிடலில் தொடர்ந்து இரண்டு விளம்பரங்களுக்கு மேல் போடுவதில்லை என்று அறிவித்தார்கள். நேயருக்கு நல்ல செய்தி. வருவாய்க்குக் கெட்ட செய்தி. அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. பங்கு விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது.

2007 இறுதியில் பெர்னார்ட் விலக முடிவு செய்தார். புதிய தலைமை நிர்வாகி ஃப்ரூ ஹாஸ்லிட் 2008 பிப்ரவரியில் டிஜிட்டல் ஒன்றின் பங்கை விற்கவும், டிஜிட்டல் நிலையங்கள் சிலவற்றைக் கைவிடவும் திட்டம் வெளியிட்டார். அதற்குள் வாங்க ஒருவர் வாசலில் நின்றார். ஆஷ்லி டேபர் 2007இல் தொடங்கிய குளோபல் ரேடியோ, அதே ஆண்டு கிரிசாலிஸ் குழுமத்தின் ஹார்ட், கேலக்ஸி, எல்பிசி நிலையங்களை 17 கோடி பவுண்டுக்கு வாங்கியிருந்தது. 2008 ஜூனில் ஜிகேப் முழுவதையும் 37.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. இணைப்பின்போது சொன்ன மதிப்பில் ஏறக்குறைய பாதி.

பெயர்ப்பலகைகள் மாறிய ஆண்டு

ஒரு நிலையத்தின் பெயரில் அந்த ஊரின் வரலாறு இருந்தது. பீட்டர்பரோவின் ஹெரவர்ட், நார்மன் படையெடுப்பை எதிர்த்துச் சதுப்பு நிலத்தில் போராடிய ஆங்கிலேய வீரனின் பெயர். டிரென்ட், செவர்ன் இரண்டும் ஆறுகள். சில்டர்ன் ஒரு குன்றுத்தொடர். சாமர்செட்டின் ஆர்ச்சர்ட், அந்த மாவட்டத்தின் ஆப்பிள் தோட்டங்களை நினைவூட்டுவது. பிராட்லாண்ட், நாரிச்சைச் சுற்றியுள்ள நீர்நிலைகளைச் சொல்வது.

2009இல் இவற்றில் பெரும்பாலானவை ஹார்ட் ஆயின. பர்மிங்ஹாமில் 1994இல் தொடங்கி லண்டனில் வெற்றிபெற்ற பெயர் அது. நாடு முழுக்க ஒரே பெயர் இருந்தால் தொலைக்காட்சியில் ஒரே விளம்பரம் போதும். விளம்பரதாரருக்கும் விளங்கவைப்பது எளிது. ஜிடபிள்யூஆர் என்ற பெயரும் மார்ச் மாதம் பிரிஸ்டலிலும் வில்ட்ஷயரிலும் ஒலிப்பதை நிறுத்தியது.

2010இல் ஹார்ட் நிலையங்களே ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. 2011 ஜனவரி 3 அன்று கேபிடல் என்ற பெயரில் இன்னொரு தேசிய வலை தொடங்கியபோது நாட்டிங்ஹாமின் டிரென்ட், லெஸ்டர் சவுண்ட், டெர்பியின் ராம் மூன்றும் ஒரே நிலையமாயின. கால்பந்தில் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காத மூன்று நகரங்கள், இனி மூன்றுக்கும் ஒரே காலை நிகழ்ச்சி.

சட்டம் இதைத் தடுக்கவில்லை; கூடவே நடந்தது. பகல் நேரத்தில் இத்தனை மணி நேரம் உள்ளூரில் தயாரிக்க வேண்டும் என்ற விதி பத்திலிருந்து ஏழாகக் குறைந்தது. 2018 அக்டோபரில் அது மூன்றாகச் சுருங்கியது. அந்த மூன்று மணி நேரம் காலை நிகழ்ச்சியாக இருக்க வேண்டியதில்லை என்றும், 'உள்ளூர்' என்பது ஒரு பெரிய பிராந்தியமாக இருக்கலாம் என்றும் ஆஃப்காம் அனுமதித்தது.

ஆறே மாதத்தில் பலன் தெரிந்தது. 2019 ஏப்ரலில் தொடங்கி குளோபலின் 40க்கும் மேற்பட்ட உள்ளூர்க் காலை நிகழ்ச்சிகள் நின்று, லண்டனிலிருந்து வரும் தேசிய நிகழ்ச்சிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. காலை நிகழ்ச்சிதான் ஊர் வானொலியின் உயிர்நாடி. அதை நடத்தியவரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். பள்ளி விழாவைத் திறந்துவைப்பவர் அவர். பனி பெய்தால் எந்தத் தெரு அடைபட்டிருக்கிறது என்று தெரிந்து சொல்பவர் அவர். ஸ்விண்டன் ஸ்டூடியோ மூடப்பட்டது. வில்ட்ஷயர், பிரிஸ்டல், கிளஸ்டர்ஷயர், டெவன், கார்ன்வால் எல்லாம் சேர்ந்து ஹார்ட் வெஸ்ட் என்ற ஒரே நிலையமாயின.

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமல்ல. போட்டிக் குழுமமான பாவர் 2020 செப்டம்பரில் ஏறக்குறைய 50 உள்ளூர் நிலையங்களின் பெயரை ஒரே தேசியப் பெயராக மாற்றியது.

2024 ஊடகச் சட்டம் மீதமிருந்த நிகழ்ச்சிக் கடமையையும் நீக்கி, உள்ளூர்ச் செய்தியை மட்டும் கட்டாயமாக வைத்தது. 2025 பிப்ரவரியில் குளோபல் இங்கிலாந்தில் எஞ்சியிருந்த உள்ளூர் நிகழ்ச்சிகளை நிறுத்தியது. செய்தியும் விளம்பரமும் மட்டும் ஊருக்கு ஊர் மாறுகின்றன.

யார் கணக்கில் எழுதுவது?

இந்த வரலாற்றில் ஒரே ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட முடியாது. 1985இல் இணைப்பு நடக்காமலிருந்தால் பிரிஸ்டல் தன் நிலையத்தை இழந்திருக்கலாம். குழுமத்தின் பணம் இல்லையென்றால் கிளாசிக் எஃப்எம் பிறந்திருக்காது. தேசியப் பெயர்களின் வலிமையால்தான் வணிக வானொலி இன்று நேயர்கள் கேட்கும் மொத்த நேரத்தில் பிபிசியை முந்தி நிற்கிறது. இவற்றை மறைத்து எழுதினால் அது வரலாறாகாது.

ஆனால் ஒரு வழக்கு மட்டும் தீராமல் நிற்கிறது. ஸ்விண்டனுக்கும் பீட்டர்பரோவுக்கும் நாரிச்சுக்கும் தரப்பட்ட அலைவரிசைகள், அந்த ஊர்களுக்கு உழைப்போம் என்ற உறுதிமொழியின் பேரில் தரப்பட்டவை. பண்பலையில் இடம் குறைவு என்பதால்தான் ஒருவருக்குத் தந்து பலருக்கு மறுத்தார்கள். உறுதிமொழி பத்து மணி நேரத்திலிருந்து ஏழாகவும், ஏழிலிருந்து மூன்றாகவும், மூன்றிலிருந்து ஒன்றுமில்லாமலும் ஆனபோது, அலைவரிசை மட்டும் அதே கைகளில் இருந்தது. நிறுவனங்கள் இலாபம் தேடின. அது அவற்றின் இயல்பு. பொதுமக்கள் சார்பில் உறுதிமொழியைக் காக்க வேண்டியது அரசும் கட்டுப்பாட்டு அமைப்பும். தவறியது அங்கேதான்.

விட்டுப்போன இடத்தை நிரப்ப வேறு ஆட்கள் வந்திருக்கிறார்கள். 2004இல் பிறந்த சமுதாய வானொலி ஆணையின் கீழ் பிரிட்டனில் இன்று 300க்கும் மேற்பட்ட சிறு நிலையங்கள் இயங்குகின்றன. குறைந்த சக்தி, குறைந்த பணம், பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டர்கள். பிரிஸ்டலில் அப்படி இரண்டு நிலையங்களாவது உண்டு. ஸ்விண்டனிலும் 2008இல் ஒன்று தொடங்கியது. அவர்களால் எவ்வளவு முடிகிறது, எங்கே முட்டி நிற்கிறார்கள் என்பதே அடுத்த அத்தியாயம்.

(தொடரும்)